இவ்ரியாவில் பிறந்த நீலப் பலகை

1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் கேரி பூனும் மைக்கேல் காக்ரனும் செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டுச் சுற்றுகள் அனைத்தையும் ஒரே சிப்பில் அடக்கினர். டி.எம்.எஸ். 1000 என்ற பெயரில் அந்த வகைச் சிப் 1974-ல் வெளிச்சந்தைக்கு வந்தது. இன்டெல்லின் 8048 மைக்ரோகன்ட்ரோலர் 1976-லும், தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாக நன்கு பழக்கமான 8051 மைக்ரோகன்ட்ரோலர் 1980-லும் வந்தன. இவற்றின் முக்கிய வாடிக்கையாளர்கள் ஆலைகள்தாம். ஆயிரக்கணக்கில் வாங்குவோருக்கு, நிரலைத் தொழிற்சாலையிலேயே சிப்பில் பதித்துக் கொடுப்பது வழக்கம். வீட்டு மேசையில் ஒரே ஒரு கருவியைச் செய்துபார்க்க நினைத்தவர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அவருக்குக் கிடைத்தது ஈப்ராம் வகைச் சிப். அதன் முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடியாலான சிறு சன்னல் இருக்கும். நிரலில் ஒரு பிழை கண்டால் சிப்பைக் கழற்றி, சன்னல் வழியே புற ஊதா ஒளியைப் பல நிமிடங்கள் பாய்ச்சிப் பழைய நிரலை அழித்து, தனிக் கருவியால் புதியதை எழுத வேண்டும். பத்துப் பிழை திருத்துவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இந்தத் தொல்லையை உடைத்தது, 1993-ல் மைக்ரோசிப் நிறுவனம் வெளியிட்ட பிக் 16சி84. மின்சாரத்தாலேயே சில நொடிகளில் அழித்து எழுதக்கூடிய நினைவகம் அதில் இருந்தது. அதில் நிரல் ஏற்றும் கருவியையும் ஆர்வலர்கள் தாங்களே சில உதிரி பாகங்களால் செய்துகொண்டனர்.

அதற்கு ஓராண்டு முன்பே, கலிபோர்னியாவின் பாரலாக்ஸ் நிறுவனம் வேறு வழியைத் தேர்ந்திருந்தது. அதன் பேசிக் ஸ்டாம்ப் பலகையில் அசெம்ப்ளி மொழி தேவைப்படவில்லை. எளிய பேசிக் மொழியில் எழுதிக் கணினியிலிருந்து கம்பி வழியே அனுப்பினால் போதும். ஒவ்வொரு கட்டளையையும் ஓடும்போதே மொழிபெயர்த்ததால் வேகம் குறைவு, விலையோ மாணவர் கைக்கு அதிகம். ஆயினும் மின்னணுவியல் படிக்காதவரும் சிப்புக்கு நிரல் எழுதலாம் என்பதை நடைமுறையில் நிறுவியது இதுதான்.

நார்வேயின் ட்ரோன்ஹைம் நகரில் மாணவர்களாக இருந்த ஆல்ஃப் எகில் போகனும் வெகார்ட் வோலனும் வடிவமைத்த ஏ.வி.ஆர். சிப்புகளை அட்மெல் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பலமுறை அழித்தெழுதத்தக்க ஃபிளாஷ் நினைவகமும், சி மொழிக்கு ஏற்ற கட்டமைப்பும் அவற்றில் சேர்ந்திருந்தன. இனித் தேவைப்பட்டது நல்ல சிப் அன்று, பழகுவதற்கு எளிதான ஒரு வாசல்.

அந்த வாசல் திறந்தது வடக்கு இத்தாலியின் இவ்ரியாவில். காமில்லோ ஒலிவெட்டி 1908-ல் தட்டச்சுப்பொறி ஆலை தொடங்கிய ஊர் அது. ஆலையின் பொற்காலம் முடிந்த பிறகு, டெலிகாம் இத்தாலியாவும் ஒலிவெட்டியும் அங்கே வடிவமைப்புக் கல்விக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. மாணவர்களில் பலர் கலை, வடிவமைப்புத் துறைகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு பேசிக் ஸ்டாம்ப் விலையிலும் திறனிலும் போதவில்லை.

கொலம்பியாவிலிருந்து வந்த மாணவர் எர்னாண்டோ பர்ரகான் 2003-ல் இதையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் ஓவியர்களுக்காக உருவாக்கியிருந்த புராசசிங் என்ற நிரல் எழுதும் மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு, வயரிங் என்ற பலகையையும் நிரலகத்தையும் படைத்தார். தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் செட்டப், ஓயாமல் சுழலும் லூப், ஒரு பின்னை இயக்கவோ அணைக்கவோ செய்யும் டிஜிட்டல்ரைட் ஆகிய எல்லாம் வயரிங்கிலிருந்து வந்தவை. இன்று உலகெங்கும் முதல் பாடமாகச் சிமிட்டும் எல்.இ.டி.க்குப் பின்னால் இருப்பது பர்ரகானின் உழைப்பு. பின்னர் இதிலிருந்து பிறந்த அர்டுயினோ பலகையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் அவர் பெயர் விடுபடுவது நியாயமன்று. 2016-ல் அவரே அந்த வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார்.

வயரிங் பலகையில் இருந்த ஏ.வி.ஆர். வகை ஏ.டி.மெகா128 சிப்பைவிட மலிவான ஏ.டி.மெகா8 சிப்புக்கு அந்த மென்பொருளை மாற்றியமைத்து, 2005-ல் மஸ்ஸிமோ பான்ஸி, டேவிட் குவார்ட்டியெல்லெஸ், டேவிட் மெல்லிஸ் ஆகியோர் தனித் திட்டமாகப் பிரித்தனர். டாம் ஐகோவும் ஜியான்லூகா மார்ட்டினோவும் உடன் சேர்ந்தனர். 1002-ல் இத்தாலிய அரசனான உள்ளூர்த் தலைவன் அர்டுயினோவின் பெயர் தாங்கிய மதுக்கடை அவர்கள் கூடும் இடம். பலகைக்கும் அப்பெயரே ஆனது. அதில் 8 கிலோபைட் ஃபிளாஷும் 1 கிலோபைட் ராமும் மட்டுமே. விலை 30 டாலர் அளவில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. சிப்பில் முன்கூட்டியே பதித்த பூட்லோடர் என்ற சிறு நிரல், தனி எழுதுகருவியின் தேவையை ஒழித்தது.

கல்வி நிறுவனம் மூடப்படும் நிலை நெருங்கியது. அதோடு தங்கள் வேலையும் அழிந்துவிடக் கூடாதென்று வடிவமைப்பாளர்கள் சுற்றுப்படங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டனர். எவரும் நகலெடுத்து விற்கலாம், பெயரை மட்டும் எடுக்கக் கூடாது. சென்னை ரிச்சி தெருவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் அர்டுயினோ யூனோ பலகையின் நகல்கள் அந்த உரிமத்தின் பயன். அசல் யூனோ 2010-ல் வந்தது. அதன் ஏழாம், எட்டாம் பின்களுக்கு இடையே உள்ள இடைவெளி, பிரெட்போர்டின் 2.54 மில்லிமீட்டர் கணக்கில் பொருந்தாது. முதல் பலகைகளில் நேர்ந்த வரைபடப் பிழை அது. அதற்குள் அதன்மேல் செருகும் துணைப் பலகைகள் பல உருவாகிவிட்டதால் எவரும் திருத்தவில்லை. 2023-ல் வந்த 32 பிட் யூனோ ஆர்4-லும் அது அப்படியே இருக்கிறது.

2014-ல் ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இ.எஸ்.பி.8266 மிக மலிவாக வைஃபை கொடுத்தது. 2021-ல் 4 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை பிகோவில் 264 கிலோபைட் ராம் இருந்தது. இரண்டிலும் இவ்ரியாவின் செட்டப்பையும் லூப்பையும் கொண்டே நிரல் எழுதலாம்.