நில், இல்லையென்றால் முன்பே போ

ஆஸ்திரேலியாவின் தீயணைப்புத் துறைகள் பல வருஷங்களாகத் தங்கள் மக்களுக்குச் சொல்லிவந்த வாசகம் ஒன்று உண்டு: மனிதர்கள் வீட்டைக் காப்பாற்றுவார்கள், வீடு மனிதர்களைக் காப்பாற்றும். காட்டுத்தீ வந்தால் அரசாங்கம் ஊரையே காலி செய்யவைக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அங்கே அப்படியில்லை. வீட்டில் நின்று தீயோடு மல்லுக்கட்ட குடிமகனுக்கு உரிமை உண்டு. விக்டோரியா மாநிலத்தில் சொத்தில் பாத்தியதை உள்ள ஒருவரைக் காட்டுத்தீயின்போது அவர் இடத்திலிருந்து பலவந்தமாக வெளியேற்ற முடியாதபடி சட்டமே இடம் விட்டிருக்கிறது.

அதே விக்டோரியாவில் 2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை, ஒரே நாள் தீயில் 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 113 பேர் இறந்தது வீட்டுக்குள்.

அந்த வாசகம் பொய்யா? இந்தக் கேள்வியோடுதான் அந்தத் தீயை விசாரித்த ராயல் கமிஷனின் அறிக்கையை வாசிக்கத் தொடங்கினேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு சிஸ்டம் விழுந்தால் மறுநாள் உட்கார்ந்து அறிக்கை எழுதுவோம். எந்த நிமிஷத்தில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, எடுத்த முடிவு அந்த நேரத்தில் ஏன் சரியென்று பட்டது என்பதெல்லாம் அதில் வரவேண்டும். ஆளைக் குற்றம் சொல்லக் கூடாது. அந்தப் பழக்கத்தோடு வாசித்தபோது எனக்குக் கிடைத்த பதில் 'ஆம்' என்பதும் இல்லை, 'இல்லை' என்பதும் இல்லை. அந்த வாசகம் பெரும்பாலான தீக்களுக்கு உண்மை. அது எங்கே பொய்யாகும் என்பதைத்தான் யாரும் மக்களுக்கு உரக்கச் சொல்லவில்லை.

*

முதலில் அந்த வாசகம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

1944 ஜனவரியில் மெல்போர்னின் புறநகரான பியூமாரிஸில் தீ புகுந்தது. எரிந்த வீடுகளையும் எரியாத வீடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஆய்வு செய்தார்கள். நாம் கற்பனை செய்வதுபோல தீ ஒரு சுவராக வந்து வீடுகளை விழுங்கவில்லை. பெரும்பாலும் காற்றில் பறந்துவந்த கங்குகளே வீடுகளைக் கொளுத்தியிருந்தன. கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் சேர்ந்த சருகு, தரைப்பலகைக்குக் கீழே உள்ள இடைவெளி, வெடித்த ஜன்னல், ஓட்டுக்கு அடியில் உள்ள சந்து என்று ஏதோ ஒரு வழியாகக் கங்கு உள்ளே போகும். முதலில் கையளவுதான் புகையும். அப்போது ஒரு ஆள் ஒரு வாளித் தண்ணீரோடு அங்கே இருந்தால் வீடு பிழைக்கும். ஆள் இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் சாம்பல்.

வாசகத்தின் முதல் பாதி இதுதான். மறுபாதிக்கும் ஒரு கணக்கு உண்டு. தீயின் முகப்பு ஓர் இடத்தைக் கடந்துபோக சில நிமிஷங்களே ஆகும். அந்தச் சில நிமிஷங்களில் வெட்டவெளியில் நிற்பவரை அனல் மட்டுமே கொன்றுவிடும், தீ தொட வேண்டிய அவசியமே இல்லை. வீடு பற்றிக்கொண்டாலும் முழுதாக எரிய அதைவிட அதிக நேரம் எடுக்கும். ஆகவே முகப்பு கடக்கும்வரை உள்ளே இரு, கடந்ததும் வெளியே வந்து பற்றியதை அணை. அவ்வளவுதான்.

1969 ஜனவரி 8 அன்று மெல்போர்னிலிருந்து ஜீலாங் போகும் நெடுஞ்சாலையில், லாரா என்ற ஊருக்கு அருகே, ஒரு புல்தீ சாலையைக் கடந்தது. பயத்தில் கார்களை விட்டு இறங்கி ஓடியவர்களில் 17 பேர் இறந்தார்கள். கார்களுக்குள்ளேயே குனிந்து உட்கார்ந்திருந்தவர்கள் பிழைத்தார்கள். ஒரு தகரக் கூண்டே சில நிமிஷம் காப்பாற்றுமென்றால் வீடு எவ்வளவு காப்பாற்றும்!

அப்புறம் 1983 பிப்ரவரி 16. சாம்பல் புதன் என்று அந்த நாளைச் சொல்கிறார்கள். விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலுமாக 75 பேர் இறந்தார்கள். பலரைக் கொன்றது கடைசி நேரத்து ஓட்டம். நடந்தும் காரிலும் தப்பிக்கப் பார்த்து வழியில் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள். உடல்வலு உள்ளவர்கள் நின்று காத்த வீடுகள் அதிகம் தப்பின என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்லின. 1900 முதல் 2008 வரை ஆஸ்திரேலியக் காட்டுத்தீயில் இறந்த 552 பொதுமக்களின் கதைகளைத் தொகுத்த ஆய்விலும் தாமதமான வெளியேற்றம்தான் பெரிய கொலைகாரன்.

இந்தப் பாடங்கள் எல்லாம் சேர்ந்து 2005இல் நாடு தழுவிய கொள்கையாக உருவெடுத்தன: ஆயத்தமாகு; நின்று காப்பாற்று, இல்லையென்றால் முன்பே கிளம்பு. அலட்சியத்தில் பிறந்த கொள்கை இல்லை இது. அறுபது வருஷப் பிணங்களை எண்ணி, பொறுமையாக எழுதிய கொள்கை.

*

இப்போது 2009க்கு வருவோம்.

ஜனவரி கடைசியில் மெல்போர்னில் தொடர்ந்து மூன்று நாள் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் அடித்தது. பிப்ரவரி 7 அன்று 46.4 டிகிரி. அந்த நகரம் அதுவரை பார்க்காத வெப்பம். முற்பகலில் கில்மோர் ஈஸ்ட் என்ற இடத்தில் ஒரு மின்கம்பி அறுந்து விழுந்தது. அதில் தொடங்கிய தீ மட்டும் 119 பேரைக் கொன்றது.

அந்தப் பக்கத்துத் தீக்களுக்கு ஒரு குணம் உண்டு. பாலைவனத்திலிருந்து வரும் வடமேற்குக் காற்று தீயை ஈட்டிபோல நீளமாக, ஒடுக்கமாக ஓட்டிக்கொண்டு போகும். சாயங்காலம் தெற்கிலிருந்து குளிர்காற்று வரும். அப்பாடா என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரம் அதுதான். ஆனால் அந்தக் காற்று ஈட்டியின் பக்கவாட்டில் மோதுகிறது. பல கிலோமீட்டர் நீளமுள்ள விலா முழுவதும் புது முகப்பாக மாறிப் பக்கவாட்டில் ஓடத் தொடங்குகிறது. 1983இல் அதிகம் பேர் இறந்தது இந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான். 2009இலும் மாலை அதே திருப்பம். கங்குகள் 30 கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழுந்து புதிய தீக்களைத் தொடங்கின. கிங்லேக், மேரிஸ்வில் போன்ற ஊர்களுக்கு முறையான எச்சரிக்கை நேரத்தில் போய்ச்சேரவில்லை. மேரிஸ்வில் என்ற சின்னச் சுற்றுலா ஊர் அநேகமாக இல்லாமலே போனது.

தீ அபாயத்தை அளக்க ஆஸ்திரேலியர்களிடம் ஒரு குறியீட்டெண் இருந்தது. அதன் உச்சம் 100. அந்த 100 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1939 ஜனவரி 13, கறுப்பு வெள்ளி. விக்டோரியாவில் 71 பேர் இறந்த அந்த நாளின் வானிலைதான் 100. இதைவிட மோசமாக ஒரு நாள் வராது என்ற நினைப்பு அந்த எண்ணுக்குள் இருக்கிறது. 2009 பிப்ரவரி 7 அன்று பல இடங்களில் குறியீடு 100ஐத் தாண்டி வெகுதூரம் போனது. இந்த வரியை வாசித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு பெட்டியில் எவ்வளவு பெரிய எண் வரும் என்று முன்கூட்டியே முடிவுகட்டி எழுதிய புரோகிராம் என்றைக்காவது ஒருநாள் உடையும். எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு அது தெரியும். இங்கே உடைந்தது புரோகிராம் இல்லை.

தண்ணீர்க் குழாயில் அழுத்தம் போனது. மின்சாரம் போனதால் மின்மோட்டார்கள் நின்றன. பிளாஸ்டிக் தொட்டிகள் உருகின. உள்ளே இருந்தவர்களில் பலர் கடைசியில் குளியலறைக்குள் போனார்கள். தண்ணீர் இருக்கும் இடம், ஓடு பதித்த சுவர், பாதுகாப்பு என்று மனது சொல்லும். ஆனால் குளியலறையிலிருந்து பெரும்பாலும் வெளியே போக நேர்வழி கிடையாது. தலைக்கு மேலே கூரைக்குள் தீ பிடித்திருப்பதும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. முகப்பு கடந்ததும் எரியும் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும் என்பதுதான் கொள்கையின் இரண்டாம் படி. அந்தப் படியை எடுத்துவைக்க அவர்களுக்கு வழியில்லை.

கமிஷனின் இன்னொரு எண் என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தது. இறந்தவர்களில் 44 சதவீதம் பேர் 12 வயதுக்கு உட்பட்டவர்கள், 70 வயதைத் தாண்டியவர்கள், அல்லது நோயோ உடற்குறையோ உள்ளவர்கள். 'நின்று காப்பாற்று' என்று சொன்னபோது கொள்கை எழுதியவர்களின் மனதில் நின்றவர் யார்? பருத்திச் சட்டையும் பூட்ஸும் போட்ட, பெட்ரோல் பம்பை இயக்கத் தெரிந்த, நாற்பது வயது ஆரோக்கியமான ஆள். அவர் வீட்டில் பாட்டி இருக்கிறாள், ஆஸ்துமா உள்ள பையன் இருக்கிறான். பழைய தீக்களின் கணக்கிலும் இதே பிளவு உண்டு. ஆண்கள் அதிகமும் வெளியே சொத்தைக் காக்கும்போது இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் உள்ளே ஒதுங்கியிருக்கும்போதோ கடைசி நேரத்தில் ஓடும்போதோ இறந்தார்கள். நிற்பது என்று ஒரு குடும்பத்தில் யார் முடிவெடுக்கிறார், அந்த முடிவுக்குள் யாரெல்லாம் அகப்படுகிறார் என்பது கொள்கைத் தாளில் இல்லாத கேள்வி.

*

அப்படியென்றால் எல்லோரையும் துரத்திவிடுவதுதானே சரி? இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது.

2017 ஜூன் 17 அன்று போர்ச்சுகலில் பெட்ரோகாவோ கிராண்டே பகுதியில் தீ வந்தது. இறந்தவர்கள் 66 பேர். அதில் 47 பேர் ஒரே சாலையில், பெரும்பாலும் தப்பியோடும் கார்களில் இறந்தார்கள். அடுத்த வருஷமே அந்த நாடு கிராமத்துக்குள்ளேயே ஒதுங்கும் இடங்களைக் குறித்துவைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரம் எரிந்தபோது வெளியேறும் சாலைகள் கார்களால் அடைபட்டன. 85 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். ஓடுவது பாதுகாப்பு இல்லை. நேரத்தோடு ஓடுவதே பாதுகாப்பு.

கறுப்பு சனிக்கிழமையன்றே நின்று காத்த பல வீடுகள் பிழைத்தன, காத்தவர்களும் பிழைத்தார்கள். நன்றாக ஆயத்தம் செய்துகொண்டு நின்ற சிலரும் இறந்தார்கள். மேரிஸ்வில்லில் போலீஸார் கடைசி நேரத்தில் ஒரு கூட்டத்தைக் கார்களில் வரிசையாக அலெக்ஸாண்ட்ரா ஊருக்கு அழைத்துப்போய்க் காப்பாற்றினார்கள். ஒரே நாளில், ஒரே மாநிலத்தில், எல்லாக் கொள்கைக்கும் சான்று கிடைக்கும்.

ராயல் கமிஷனும் பழைய கொள்கையைத் தூக்கி எறியவில்லை. அடிப்படை சரிதான் என்றது. ஆனால் இரண்டு விஷயத்தை மக்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்றது. எல்லா வீடும் காக்கக்கூடிய வீடு இல்லை. எல்லாத் தீயும் எதிர்த்து நிற்கக்கூடிய தீ இல்லை. 100க்கு மேலே ஒரு புதுப் படிநிலை வந்தது, பேரழிவு என்று. அந்த நாளில் எவ்வளவு ஆயத்தமான வீடாக இருந்தாலும் நிற்காதே, போய்விடு என்பது அறிவுரை. 1939க்குப் பிறகு காட்டுக்குள் இருந்த மர ஆலைகளில் பதுங்குகுழி வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார்கள். 2009க்குப் பிறகு வீட்டுப் பதுங்குகுழிகளுக்குத் தரவிதிகள் வந்தன. எழுபது வருஷம் கழித்துப் பழைய பாடத்தின் ஒரு பக்கத்தை மறுபடி திறந்தார்கள்.

*

எனக்குப் படும் விஷயம் இது. நிற்பதா போவதா என்று கேட்டால் இரண்டு பதில்தான் இருப்பதுபோலத் தோன்றும். நிஜத்தில் பெரும்பாலான மனிதர்கள் எடுப்பது மூன்றாவது பதில்: பார்க்கலாம். புகை தெரிகிறதா பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் பார்க்கலாம், ரேடியோவில் என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்து, தீ தெரிந்த பிறகு போகிறார்கள். அல்லது ஆயத்தமில்லாமல் நிற்கிறார்கள். இது முட்டாள்தனம் இல்லை. ஆடு மாடும் குதிரையும் இருக்கிறது, கடனில் கட்டிய வீடு, காப்பீடு கட்டாத வீடு. எதற்காகக் கிளம்ப வேண்டும், இன்னும் ஒன்றும் ஆகவில்லையே?

'முன்பே போ' என்று சொல்வது எளிது. அதன் முழு விலையை யாரும் எழுதுவதில்லை. முன்பே என்றால் காலையிலேயே, அல்லது முந்தின நாள் ராத்திரி. வானம் நீலமாக இருக்கும், எங்கும் புகை இருக்காது. வேலைக்கு லீவு போட வேண்டும், பள்ளிக்குச் சொல்ல வேண்டும், நாயையும் பாட்டியின் மருந்தையும் ஏற்றிக்கொண்டு தங்க இடம் தேட வேண்டும். அன்றைக்கு அநேகமாக ஒன்றும் நடக்காது. மாலையில் திரும்பிவந்தால் வீடு அப்படியே நிற்கும், வீட்டில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டபடி சிரிப்பார். ஒரு கோடையில் இப்படி நாலைந்து நாள் வரலாம். பத்துக் கோடை இப்படிப் போய்வந்த பிறகு பதினோராவது கோடையிலும் ஒருவர் அதே அதிகாலையில் காரைக் கிளப்ப வேண்டும்.

இதைத் தைரியம் என்று யாரும் சொல்வதில்லை. ஹோஸ் பைப்போடு கூரைமேல் நிற்பவருக்குத்தான் அந்தச் சொல். இத்தனை அறிக்கைகளை வாசித்த பிறகு, ஒன்றும் நடக்காத ஒரு நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவருக்கும் ஒரு நல்ல சொல் வேண்டும் என்று தோன்றுகிறது. அவருக்குத் தங்க இடமும் அன்றைய கூலியும் கொடுக்கிற அரசாங்கமும் வேண்டும். அது இல்லாமல் 'உங்கள் விருப்பம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது கொள்கை ஆகாது.