விடுதலைப் பத்திரம்

“மாநாடுன்னா என்ன?” காவேரிப்பட்டினத்தில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். “வண்டி வரும், பிரியாணி கொடுப்பாங்க” என்றான் ஒருவன். “ஆம்பளைங்க போவாங்க, ராத்திரி லேட்டா வருவாங்க” என்றாள் ஒருத்தி. தீர்மானம் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.

கரும்பலகையில் எழுதினேன்: செங்கல்பட்டு, 1929 பிப்ரவரி. சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு, தலைவர், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். ஆண்களுக்குச் சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் பெண்களுக்கு வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. அது குடியுரிமைப் பிரச்சினையும்கூட. சென்னை மாகாணப் பெண்களுக்கு 1921இலேயே வாக்குரிமை கிடைத்திருந்தது. ஆனால் சொத்து, வரி போன்ற தகுதிகள் இருந்தால்தான் ஓட்டு. தன் பெயரில் ஒன்றுமில்லாத பெண்கள் பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

தீர்மானம் தானாகச் சட்டமாகிவிடாது என்பதையும் சொன்னேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 1989இல். இடையில் அறுபது ஆண்டுகள். அப்போதும் ஏற்கெனவே மணமான மகள்களுக்குப் பங்கில்லை. அந்தத் தடை நீங்க, 2005இல் மத்திய அரசின் திருத்தம் வரவேண்டியிருந்தது.

“எங்கம்மா மாமாவுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க மிஸ்” என்றாள் முன்வரிசைப் பெண். பிறந்த வீட்டில் மாந்தோப்பு. அவள் அம்மா சீசனில் மாங்கூழ் ஆலைக்குக் கூலிக்குப் போகிறார்.

நான் பேசாமல் நின்றேன். நானும் எழுதிக் கொடுத்தவள்தான். நகை போட்டாகிவிட்டது, நாளை சீர் கொண்டுவர அண்ணன் வேண்டும் என்றார்கள். வரலாறு படித்த நான், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பங்கை விட்டவள் நான், விடுதலை யாருக்கு?

மறுநாள் வகுப்பில் மாநாடு நடத்தினோம். ஒரு தலைவர், ஒரு செயலாளர், முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். “அக்காவுக்குப் பங்கு கொடுத்தா எனக்குக் குறையுமே மிஸ்?” என்றான் ஒரு பையன். “குறையும்” என்றேன். மழுப்பி அவனை ஏமாற்ற விரும்பவில்லை.

முன்வரிசைப் பெண் எழுந்து தன் தீர்மானத்தை வாசித்தாள்: “கையெழுத்து வாங்கும் முன் பத்திரத்தை முழுசாப் படிச்சுக் காட்டணும். யோசிக்க ஒரு வாரம் கொடுக்கணும்.”

கைகள் உயர்ந்தன. பிரியாணிக்காரன் எண்ணினான். எதிர்ப்பு நான்கு; தீர்மானம் நிறைவேறியது. அந்த நோட்டை நான் வைத்திருக்கிறேன்.