பேர் போட்ட கங்காணி

பிரெடரிக் டெய்லர் அமெரிக்காவில் ‘அறிவியல் மேலாண்மை’ நூலை வெளியிட்டது 1911இல். ஆள் சேர்ப்பது, வேலை வாங்குவது, ஊக்கம் தருவது ஆகிய மூன்றையும் நம் கங்காணி அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இலங்கை மலைத்தோட்டங்களில் செய்துகொண்டிருந்தார். யாருக்காக என்பது வேறு கதை.

கண்காணி என்ற பதவி சோழர் கல்வெட்டுகளிலேயே உண்டு. தோட்டத்தில் அது கங்காணி ஆயிற்று. மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளில் தன் ஊராரையும் உறவினரையும் முன்பணம் கொடுத்துத் திரட்டி, கடல் கடத்திக் கூட்டிப்போவார். பெரிய கங்காணியின் கீழே சில்லறைக் கங்காணிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டம். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்குத் தொழிலாளியின் முகம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

விடியுமுன் தப்புப் பறை முழங்கும். லயம் என்னும் வரிசை வீடுகளிலிருந்து வந்து, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’. பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குச் சில காசு கிடைக்கும். அதுதான் தலைக்காசு. காய்ச்சல்காரரையும் அவர் ஏன் மலைக்கு விரட்டினார் என்பது இப்போது புரியும். இதை ஊக்கத்தொகை என்றால், ஊக்கம் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு.

அத்தனைக்கும் அச்சாணி கடன். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் பற்றில் ஏறும். தோட்டம் மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும்: கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதித் தரும் சீட்டு. அடுத்த தோட்டம் கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். தொழிலாளிக்கு மாறியது கடன்காரர் மட்டுமே. துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல்.

இந்தத் தோட்டத் தமிழரின் வழிவந்தோர் குறித்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே 1964இல் சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அவர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலைக்கும் வந்தார்கள். அங்கே, தோல் பதனிடுவதற்காக வனத்துறை வளர்த்த வாட்டில் என்னும் சீகை மரங்களில் பட்டை உரிக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. கொடுத்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள். முதலில் கைக்கு வந்தது, பாட்டன் காலத்தைப் போலவே, முன்பணம்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அதன் பிறகும், 1980களில், அந்தப் பட்டைக் காடுகளில் கொத்தடிமைகள் இருந்தார்கள்.