நாற்பது வாட்டில் பிறந்த வானொலி

வானொலி என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு அது சர்க்கார் சமாச்சாரம். மாநிலச் செய்திகள், வயலும் வாழ்வும், ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் எல்லாமே அரசாங்கம் கொடுத்தது. வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருக்கவே ஒரு காலத்தில் லைசன்ஸ் வேண்டும். வருஷா வருஷம் தபாலாபீஸ் போய் அந்தச் சின்னப் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்டு வந்த சீனியர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆகவே "இந்த ஊர்ல ரேடியோவை ஆரம்பிச்சது யாரு?" என்று கேட்டால், "இதென்ன கேள்வி, கவர்ன்மெண்டுதான்" என்றுதான் பதில் வரும்.

ஆனால் நடந்தது வேறு. சென்னையில் முதன்முதலில் ஒலிபரப்பு நடத்தியது ஒரு கிளப். பொழுதுபோக்காகக் கம்பியும் வால்வும் வைத்துக்கொண்டு குடைந்துகொண்டிருந்த ஆசாமிகளின் கிளப்! 1924-ம் வருஷம் மே 16-ம் தேதி சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியில் 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' தொடங்கப்பட்டது. இரண்டரை மாதத்தில், ஜூலை 31 அன்று, ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். நம் ஹாஸ்டல் அறைகளில் எரிந்த குண்டு பல்புக்குக்கூட அதைவிட அதிக வாட் இருந்திருக்கும். பின்னால் அதை 200 வாட்டாக உயர்த்தினார்கள்.

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தியாவில் அமெச்சூர் ரேடியோ லைசன்ஸ் பெற்ற முதல் ஆள் கல்கத்தாவைச் சேர்ந்த அமரேந்திர சந்திர குப்தா. வருஷம் 1921, அவருடைய அழைப்புக்குறி '2 ஜே கே'. அதே வருஷம் முகுல் போஸ் என்பவருக்கும் கிடைத்தது. 1923 ஜூனில் பம்பாய் ரேடியோ கிளப் ஒலிபரப்பியது. சில மாதங்களில் கல்கத்தாவிலும் கிளப் வந்தது. கொழும்பில் தந்தி இலாகாவின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து கழற்றிய பாகங்களை வைத்து டிரான்ஸ்மிட்டர் கட்டிச் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். நம் அப்பாக்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட சிலோன் ரேடியோவின் மூலம் அதுதான். ஆக மொத்தம் 1920-களின் தொடக்கத்தில் பம்பாய், கல்கத்தா, கொழும்பு, சென்னை எங்கே பார்த்தாலும் ஆர்வலர்களின் கைதான் முன்னால் இருந்தது.

அமெரிக்காவில் கதை இன்னும் சுவாரஸ்யம். டைட்டானிக் மூழ்கிய அதே 1912-ல் அங்கே ஒரு ரேடியோ சட்டம் போட்டு அமெச்சூர்களையெல்லாம் 200 மீட்டருக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். "இந்தச் சின்ன அலைநீளம் ஒன்றுக்கும் உதவாது, பசங்க விளையாடட்டும்" என்பது அன்றைய நிபுணர்களின் எண்ணம். பசங்க விளையாடினார்கள். 1923 நவம்பரில் பிரான்சின் லியோன் டெலோயும் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெலும் சுமார் 110 மீட்டரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி இருவழியாகப் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் உலகத்துக்குப் புரிந்தது, சிற்றலை வானத்தில் மின்னணுக்கள் நிறைந்த அடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான மைல் போகும் என்று. வேண்டாம் என்று ஒதுக்கிக் கொடுத்த நிலத்தில் புதையல் இருந்த மாதிரி!

சென்னைக் கிளப்புக்கு வருவோம். சங்கீதமும் பேச்சுமாக ஒலிபரப்பு நடந்தது. கேட்டவர்களிடம் வசூலிக்க வழி இல்லை. காற்றில் வருவதற்கு யார் காசு கொடுப்பார்கள்? கிளப்பை அங்கத்தினர் சந்தாவும் நன்கொடையும்தான் தாங்க வேண்டும். வால்வு போனால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மூன்று வருஷம் சமாளித்தார்கள். 1927 அக்டோபரில் பணமுடையால் ஒலிபரப்பு நின்றது.

அதே 1927-ல்தான் பெரிய முதலீட்டோடு 'இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி' தொடங்கியது. ஜூலை 23 அன்று பம்பாயிலும் ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவிலும் நிலையங்கள் திறந்தன. சென்னைக்கு வரவில்லை. லைசன்ஸ் கட்டணம் பத்து ரூபாயில் பெரும்பங்கு கம்பெனிக்குத்தான். அப்படியிருந்தும் மூன்று வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாமல் 1930 மார்ச்சில் அதுவும் மூடுவிழா கண்டது. சர்க்கார் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. பணக்காரக் கம்பெனியும் மூன்று வருஷம், ஏழைக் கிளப்பும் மூன்று வருஷம்! இதைப் படித்தபோது கிளப்காரர்கள் மேல் எனக்கு மரியாதை கூடித்தான் போனது.

கிளப்பின் டிரான்ஸ்மிட்டர் வீணாகவில்லை. சென்னை மாநகராட்சி அதை வாங்கிக்கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பு நடத்தியது. குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு மாதிரி சங்கீதத்தையும் ஊருக்குப் பொதுவாக விநியோகித்த மாநகராட்சி அது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். சாயங்காலம் காற்று வாங்க வந்த ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அகில இந்திய வானொலி எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் சென்னை நிலையத்தைத் திறந்தது 1938 ஜூன் 16-ல். அதுவரை எட்டு வருஷம் நகரத்துக்கு ரேடியோ கொடுத்தது மாநகராட்சிதான்.

நம் வேலூர், ஆம்பூர் பக்கம் எப்போது கேட்டது என்றால், அந்த 1938-க்குப் பிறகு என்று சொல்லலாம். சென்னை நிலையத்தின் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர் வெறும் கால் கிலோவாட், நகரத்துக்கு மட்டும். வெளியூர்களுக்காகவே 10 கிலோவாட் சிற்றலை வைத்தார்கள். 'ஒன்றுக்கும் உதவாது' என்று அமெச்சூர்களுக்குத் தள்ளிவிடப்பட்ட அதே சிற்றலை!

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 1924-ல் கிளப் ஒலிபரப்பியது சங்கீதம். இன்றைக்கு ஒரு ஹாம், அதாவது லைசன்ஸ் பெற்ற அமெச்சூர், தன் செட்டில் ஒரு பாட்டைப் போட்டால் சட்டப்படி குற்றம். பாட்டு கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, அரசியல் கூடாது. ஒலிபரப்பு என்ற பிள்ளையை அமெச்சூர் பெற்றெடுத்தார், சர்க்கார் தத்தெடுத்துக்கொண்டது, பெற்றவருக்கு அந்த வீட்டில் நுழைய அனுமதி இல்லை. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அந்தத் தடைதான் ஹாம் அலைவரிசையை இன்றுவரை விளம்பரமும் சண்டையும் இல்லாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்தியாவின் அழைப்புக்குறி 'வி.யு.' என்று தொடங்கும். 1929-லிருந்து இதுதான். 1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அமெச்சூர் லைசன்ஸ் எல்லாவற்றையும் பிரிட்டிஷ் சர்க்கார் ரத்து செய்தது. ஆனால் கையில் இருந்த வித்தையை ரத்து செய்ய முடியுமா? 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தது. தலைவர்கள் எல்லோரும் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அப்போது பம்பாயில் 22 வயது உஷா மேத்தாவும் நண்பர்களும் 'காங்கிரஸ் ரேடியோ'வை ரகசியமாக நடத்தினார்கள். அலைநீளம் 42.34 மீட்டர். டிரான்ஸ்மிட்டர் அமைப்பதில் உதவியவர் நரிமன் பிரிண்டர் என்ற ஹாம். போலீஸ் மோப்பம் பிடிக்கப் பிடிக்க இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நவம்பர் 12 அன்று பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு வருஷச் சிறை. மூன்று மாதம்கூட முழுசாக நடக்காத ஒரு நிலையம், ஆனால் சர்க்காரின் தூக்கத்தைக் கெடுத்தது!

போர் முடிந்து 1946-ல் லைசன்ஸ் மறுபடி கிடைத்தது. 1948 மே 15 அன்று மோவ் ராணுவ சிக்னல்ஸ் பள்ளியில் இந்திய அமெச்சூர் ரேடியோ கிளப் பிறந்தது. 1954-ல் அது டெல்லிக்குப் போய் சொசைட்டி ஆயிற்று. பிறகு வெகுகாலம் பெரிய வளர்ச்சி இல்லை. செட் இறக்குமதி செய்தால் சுங்கவரி தாளாது. சொந்தமாகக் கட்டினால் உதிரிபாகம் கிடைக்காது. ராணுவத்தின் பழைய செட்டுகளைப் பிரித்துக் கோர்த்துத்தான் பலர் பேசினார்கள். 1983-ல் ஐதராபாதில் தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையம் ஏற்பட்டதும், 1984-ல் சுங்கவரி விலக்கு வந்ததும்தான் எண்ணிக்கையைக் கூட்டின. அந்த வருஷக் கடைசியில் பிரதமரான ராஜீவ் காந்தியே ஒரு ஹாம்தான், 'வி.யு.2 ஆர்.ஜி.' அவருடைய குறி. நம் பக்கத்துக்கு வந்தவரும்கூட. வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலையேறினால் வரும் காவலூர் வானாய்வகத்துக்கு 1986 ஜனவரி 6 அன்று வைணு பாப்புவின் பெயரைச் சூட்டியவர் அவர்தான்.

விதியைப் பாருங்கள். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவரைக் கொன்றவர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொண்டதும் வயர்லெஸ்ஸில்தான். அந்தச் சங்கேதச் செய்திகளை இடைமறித்து உடைத்தது புலன்விசாரணையில் முக்கியப் பங்கு வகித்தது. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டையிலிருந்து புலிக் கைதிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அப்பேர்ப்பட்ட காலத்தில் மொட்டைமாடியில் நீளமாக ஆன்டெனா கட்டினால் அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை நானே சொல்ல வேண்டியதில்லை. தனி ஆள் கையில் டிரான்ஸ்மிட்டர் என்றால் எந்த சர்க்காருக்கும் சந்தேகம்தான், 1939-லும் சரி, பிறகும் சரி.

சந்தேகப்பட்டவர்களே தேடி வரும் நாளும் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், சில தோழர்களோடு அந்தமானில் இருந்தார். 1987-க்குப் பிறகு அங்கே அமெச்சூர் ரேடியோவுக்கு அனுமதி கிடைத்தது அப்போதுதான். அபூர்வமான இடம் என்பதால் உலகத்து ஹாம்கள் எல்லாம் அவரோடு பேச வரிசையில் நின்றார்கள். டிசம்பர் 26 காலை பூமி அதிர்ந்தது, கடல் பொங்கியது, போன்கள் செத்தன. போர்ட் பிளேரில் ஹோட்டல் அறையிலிருந்த செட்டை வெளியே கொண்டு வந்து வைத்து, தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே நாள் கணக்கில் செய்தி கடத்தினார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்ற ஒரே கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்தச் செட்டுதான் தபால்காரர்.

கேட்பவர்கள் எப்போதும் ஒன்று சொல்வார்கள்: "இப்பதான் எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே சார்?" 2015 டிசம்பரில் சென்னையில் எல்லார் கையிலும் இருந்தது. கரண்ட் போய், டவரின் பேட்டரியும் டீசலும் தீர்ந்ததும் அது வெறும் டார்ச் லைட் ஆனது. செல்போன் தூரத்து டவரை நம்பி வாழ்கிறது. ஹாம் செட்டுக்கு ஒரு கார் பேட்டரியும் ஒரு கம்பியும் போதும்.

நம் பாலாறு வறண்டே கிடக்கும் ஆறு என்று நினைத்துவிடக் கூடாது. 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்து ஏரி உடைந்து வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன வெள்ளத்தை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. 2021 நவம்பரில் நூறாண்டுக்கு மேல் காணாத தண்ணீர் பாலாற்றில் வந்தது. அதே மாதம் 19-ம் தேதி பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். மாதக் கடைசியில் வேலூர்ப் பக்கம் நில அதிர்வு வேறு.

எஞ்சினியர் என்ற முறையில் நம் ஊர் நிலவியல் பற்றி ஒரு வார்த்தை. கையடக்க செட்டுகள் வேலை செய்யும் வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் போகும், மலை மறித்தால் நின்றுவிடும். ஆம்பூர் இரண்டு பக்கமும் மலை நிற்கும் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 50 கிலோமீட்டரில் இருக்கும் வேலூருக்குக் கையடக்க செட்டில் நேராகப் பேசுவது கஷ்டம். தோல் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும், அவற்றில் ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் ஆயிரக்கணக்கான பெண்களும் இருப்பது இந்தப் பள்ளத்தாக்கில்தான். பக்கத்தில் கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரத்தில் ஏலகிரி. மலை உச்சியில் ஒரு ரிப்பீட்டர், அதாவது வந்த குரலை வாங்கி மறுபடி வீசும் கருவி, இருந்தால் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே கூடம் ஆகிவிடும். இல்லாவிட்டாலும் வழி உண்டு: சிற்றலையில் ஆன்டெனாவைத் தாழ்வாகக் கட்டி அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பினால், அது வானடுக்கில் பட்டுக் குடை விரித்த மாதிரி சுற்றுவட்டாரத்தில் இறங்கும். மலை தடையே அல்ல. நம் ஆன்டெனா பாடத்தில் இதுவும் வந்தது, பரீட்சைக்குப் படித்து மறந்தோம்!

வெள்ளம் இல்லாத நாளில் கிளப் என்ன செய்யும்? காலையில் குறிப்பிட்ட அலைவரிசையில் கூடி ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பார்கள். பேசியதற்கு அத்தாட்சியாக கியூ.எஸ்.எல். கார்டு அனுப்பிக்கொள்வார்கள். ஒளித்துவைத்த டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிக் கண்டுபிடிக்கும் 'நரி வேட்டை' உண்டு. அக்டோபரில் உலகச் சாரணர்களை வானலையில் சேர்க்கும் ஜம்போரி உண்டு. 2005 மே 5 அன்று இஸ்ரோ ஹாம்களுக்காகவே 'ஹாம்சாட்' என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை ஏவியது. அதில் ஒரு கருவி ஹாலந்து மாணவர் ஒருவர் செய்தது. 2014 ஜூலை வரை அது உழைத்தது. 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து ஹாம் ரேடியோவில் நம் நாட்டு மாணவர்களோடு பேசினார்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு: 12 வயது நிரம்பிய யாரும் பரீட்சை எழுதலாம். 'ரெஸ்ட்ரிக்டட்' கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை; 'ஜெனரல்' கிரேடுக்கு உண்டு. விண்ணப்பம் ஆன்லைனில்தான். கேட்கப்படும் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் உங்கள் இரண்டாம் வருஷப் பாடத்துக்குள் அடங்கும், விதிமுறைகள் மட்டும் புதிதாகப் படிக்க வேண்டும். கல்லூரியின் பெயரிலேயே கிளப் லைசன்ஸ் வாங்கவும் வழி உண்டு, லைசன்ஸ் பெற்ற ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

பழைய மாணவர்களுக்கு: மெட்ராஸ் கிளப் எதனால் மூடியது என்று மேலே எழுதியிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் பொதுக்குழுவில் இதைப் பற்றிப் பேச எனக்கு ஐந்து நிமிஷம் கேட்டிருக்கிறேன். பேட்டரி, பதினைந்து மீட்டர் கம்பி, ஒரு செட், வருஷப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு என்ன செலவாகும் என்ற கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வருகிறேன்.