விக்டோரியா காலத்துப் புகையும் வைத்தியர்களின் பெருவிவாதமும்

விக்டோரியா மகாராணி 1837ஆம் ஆண்டு முதல் 1901ஆம் ஆண்டு வரை ஆட்சி புரிந்தவர். புகையிலையின் நாற்றத்தை அவர் அறவே வெறுத்தார். அவருடைய மாளிகைகளில் புகைப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. விண்ட்சர் மாளிகைக்கு விருந்தினராகச் சென்ற பிரபுக்களும் தூதுவர்களும் நள்ளிரவில் தங்கள் படுக்கையறைக் கணப்பின் அருகே படுத்துக்கொண்டு, புகைபோக்கி வழியே சுருட்டுப் புகையை வெளியேற்றினார்கள் என்று அக்காலக் கதைகள் கூறும். ஆனால், வரலாற்றின் விந்தையைப் பாருங்கள். அந்த மகாராணியின் ஆட்சியிலேதான் பிரித்தானியா சுங்கானிலிருந்து சுருட்டுக்கும், பின்னர் சிகரெட்டுக்கும் பழகி, ஏழை பணக்காரர் என்ற பேதமின்றிப் புகைக்கும் தேசமாயிற்று.

மகாராணி வெறுத்தது நாற்றத்தை, நோயை அல்ல. இந்த வேறுபாட்டை மனதிற் கொள்ளாவிட்டால் அக்காலத்தை நாம் விளங்கிக்கொள்ள முடியாது. புகையிலைக்கு எதிராக அன்று கூறப்பட்டவற்றுட் பெரும்பகுதி ஒழுக்கம், நாகரிகம், சிக்கனம் ஆகியவை பற்றியது. பெண்களின் முன்னிலையில் புகைப்பது மரியாதைக் குறைவு எனக் கருதப்பட்டது. எனவே பெரிய வீடுகளில் புகைப்பதற்கெனத் தனி அறைகள் கட்டப்பட்டன. உடையிலும் தலைமுடியிலும் நாற்றம் பற்றாதிருக்கப் புகைப்போர் வெல்வெட் மேலங்கியும் தொப்பியும் அணிந்தார்கள். புகையிரதங்களில் முதலில் புகைத்தல் தடைசெய்யப்பட்டிருந்தது. 1868ஆம் ஆண்டின் சட்டமோ, புகைப்போருக்கெனத் தனிப் பெட்டிகளை ஒதுக்குமாறு புகையிரதக் கம்பனிகளைக் கட்டாயப்படுத்தியது. புகைப்பவரின் வசதியை நாடாளுமன்றமே உறுதிசெய்த காலம் அது.

இந்தப் பழக்கத்துக்கு நமது மண்ணிலிருந்தும் சரக்குப் போயிற்று. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இலண்டனில் பெயர்பெற்ற பொருள். ஷெர்லொக் ஹோம்ஸ் தோன்றும் முதற் கதை 1887இல் வெளியானது. அதில் அவர் தரையிற் கிடந்த சாம்பலைக் கொண்டே, கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு எனக் கண்டறிகிறார். அக்கதையை எழுதிய கொனன் டொயில் எடின்பரோவில் முறையாக மருத்துவம் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. தம் கதாநாயகன் அறை நிறையப் புகை விட்டுச் சிந்திப்பதில் அந்த வைத்தியர் ஒரு கேட்டையும் காணவில்லை.

காணாததற்குக் காரணம் உண்டு. புகை நன்மை தரும் என்ற எண்ணம் ஐரோப்பாவில் நெடுநாள் வேரூன்றியிருந்தது. 1665இல் இலண்டனைக் கொள்ளைநோய் தாக்கியபோது, நோய் அணுகாதிருக்க ஈட்டன் பாடசாலை மாணவர்கள் புகைக்குமாறு பணிக்கப்பட்டதாகக் குறிப்பு உண்டு. அழுகியவற்றிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்ற கொள்கை விக்டோரியா காலத்திலும் நீடித்தது. கெட்ட காற்றை முறிக்க நல்ல புகை உதவும் என்று நம்புவது அக்கொள்கைக்கு முரணானதல்ல.

தொய்வு என்று நம்மவர் கூறும் ஆஸ்துமாவுக்கும் புகையே மருந்தாயிற்று. இதன் ஆரம்பம் சென்னையில் இருக்கிறது. அங்கு கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை வைத்தியராகவிருந்த ஜேம்ஸ் அண்டர்சன், மூச்சுத்திணறலுக்கு ஊமத்தையைச் சுங்கானிலிட்டுப் புகைக்கும் சுதேச முறையை அறிந்திருந்தார். அவர் மூலம் அதை அறிந்த ஓர் இராணுவ அதிகாரி 1802ஆம் ஆண்டளவில் அம்முறையைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுசென்றார். நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊமத்தை இலை கலந்த ஆஸ்துமா சிகரெட்டுகள் மருந்துக் கடைகளில் சாதாரணமாக விற்கப்பட்டன. ஆஸ்துமா பற்றி 1860இல் பெருநூல் எழுதிய ஹென்றி ஹைட் சோல்ற்றர் தாமும் அந்நோயால் வருந்தியவர். அவர் கடும் கோப்பியையும் ஊமத்தையையும் பற்றி எழுதியதோடு, பழக்கமில்லாதவருக்குக் குமட்டல் வரும்வரை புகையிலையைக் கொடுத்து நோயைத் தணிக்கலாம் என்றும் எழுதினார். ஊமத்தையைப் பொறுத்தவரை இது வெறும் மூடநம்பிக்கை அல்ல. அதிலுள்ள அற்றொப்பீன் சுவாசக் குழாய்களைத் தளர்த்தும். அதன் வழிவந்த மருந்துகள் இன்றும் உறிஞ்சு மருந்துகளாகப் பயன்படுகின்றன. ஆனால், ஒரு புகை குணப்படுத்துகிறது என்றால் இன்னொரு புகையைப் பகையெனக் கருதுவது எவருக்கும் கடினமாகவே இருக்கும்.

மறுபுறத்தில், புகையிலையில் நஞ்சு உண்டு என்பதும் அக்காலத்தவருக்குத் தெரிந்திருந்தது. ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகத்தில் 1828இல் இருவர் புகையிலையிலிருந்து நிக்கொட்டினைப் பிரித்தெடுத்தனர். 1850ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் பொகார்மே என்ற பிரபு, சொத்துக்காகத் தம் மனைவியின் சகோதரனை நிக்கொட்டின் கொடுத்துக் கொன்றார். இறந்தவரின் உடலில் அந்நஞ்சு இருப்பதைக் கண்டறிந்து நிரூபித்தவர் இரசாயன அறிஞர் ஸ்டாஸ். பிரபு 1851இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். புகையிலையிலுள்ள நஞ்சு ஒரு மனிதனைச் சில நிமிடங்களில் கொல்லும் என்பது ஐரோப்பா முழுவதும் பத்திரிகை வாசித்தோர் அறிந்த செய்தியாயிற்று.

இத்தகைய சூழலில்தான் 1856ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் லான்செற் மருத்துவ இதழில் அந்தப் பெருவிவாதம் மூண்டது. சென் தோமஸ் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் சாமுவேல் சொலி, புத்தி பேதலித்து உடல் முடங்கும் பொதுவாத நோய் பெருகுவதற்குப் புகைத்தலே ஒரு காரணம் என்று கூறினார். பிடித்துக்கொண்டது தீ. மாதக்கணக்கில் ஏறத்தாழ 50 வைத்தியர்களின் கடிதங்கள் அச்சேறின. புகைத்தலால் பார்வை மங்கும், சீரணம் கெடும், வருங்காலச் சந்ததி மெலியும் என்றனர் ஒரு சாரார். நரம்புகள் அமைதியுறும், உழைத்துக் களைத்தவனுக்கு ஆறுதல் கிட்டும் என்றனர் மறு சாரார். 1853இல் புகையிலை எதிர்ப்புச் சங்கம் தொடங்கிய தோமஸ் ரெனோல்ட்ஸ் போன்றோர் இதைப் பாவம் புண்ணியம் பற்றிய பிரச்சினையாகவே கண்டனர்.

இறுதியில் இதழ் கண்ட முடிவு என்ன? அளவுக்கு மீறினால் தீங்கு, மிதமாயின் பெருங்குற்றமில்லை.

பல்லாண்டு காலம் பத்திரிகை ஆசிரியபீடங்களில் இருந்தவன் என்ற முறையில் இத்தகைய முடிவு எப்படிப் பிறக்கிறது என்பதை நான் அறிவேன். வாசகர் கடிதங்கள் இரு பக்கமும் குவியும். இரு சாராரும் மதிப்புக்குரியவர்கள். எவரையும் பகைக்க முடியாது. அப்போது ஆசிரியர் நடுவில் ஒரு கோடு போடுவார். அது நியாயம் போலத் தோன்றும். ஆனால் நடுவில் போட்ட கோடு உண்மையின் மீதுதான் விழும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அந்த 50 வைத்தியர்களின் கடிதங்களில் அநேகமாக இல்லாதது ஒன்று உண்டு. அதுதான் எண்ணிக்கை. ஒவ்வொருவரும் தாம் கண்ட சில நோயாளிகளையும் தம் சொந்த உடலையுமே சாட்சிக்கு அழைத்தனர். புகைப்பவர் இத்தனை பேர், புகையாதவர் இத்தனை பேர், இவர்களுள் நோயுற்றோர் இத்தனை பேர் என்று வரிசைப்படுத்தி ஒப்பிட எவரும் முனையவில்லை. எண்ணத் தெரியாத நாடா அது? இல்லை. 1837 முதல் இங்கிலாந்தில் மரணங்கள் முறையாகப் பதிவுசெய்யப்பட்டன. வில்லியம் பார் அவற்றைக் காரணவாரியாக வகுத்து வந்தார். விவாதத்துக்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1854இல், சோகோ பகுதியில் 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட வாந்திபேதிக்குத் தெருக் குழாய்க் கிணறு ஒன்றே காரணம் என்று ஜோன் ஸ்னோ வீடு வீடாக மரணங்களை எண்ணிக் காட்டினார். 1859இல் பிரான்சின் மொம்பெலியே நகரில் பூயிசோன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வாய்ப் புற்றுநோயாளர் 68 பேரை ஆராய்ந்து, அநேகமாக எல்லோருமே புகைப்பவர்கள் என்று எழுதினார். வழி இருந்தது, அதில் நடந்தோர் சிலரே.

அக்காலத்தவருக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாந்திபேதி சில மணி நேரத்தில் கொல்வது. புகையோ 20, 30 ஆண்டுகள் காத்திருப்பது. காசநோயும் நிலக்கரிப் புகையும் நுரையீரல்களை அரித்துக்கொண்டிருந்த நகரங்களில் இன்னொரு காரணத்தைப் பிரித்துக் காண்பது எளிதல்ல. சுங்கானும் சுருட்டும் புகைத்தவர்கள் பெரும்பாலும் புகையை நெஞ்சுக்குள் இழுக்கவும் இல்லை. மேலும், குற்றஞ்சாட்டிய சொலி தவறான நோயைச் சுட்டியிருந்தார். பொதுவாத நோய்க்குக் காரணம் புகையிலை அல்ல, மேகநோய்க் கிருமி என்பது 1913இல் நோயாளிகளின் மூளையிலேயே கண்டறியப்பட்டது. மிகைப்படுத்திய எச்சரிக்கை பொய்க்கும்போது உண்மையான எச்சரிக்கையும் மதிப்பிழந்து போகிறது.

இந்த 'மிதம்' என்ற தீர்ப்பின் நிழலிலேதான் சிகரெட் வளர்ந்தது. கிரைமியப் போரில் (1853-1856) துருக்கியரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் அதைக் கற்றுக்கொண்ட படைவீரர்கள் ஊர் திரும்பினர். அவர்களுள் ஒருவரான ரொபேர்ட் கிளோக் 1856இல் இலண்டனில் சிகரெட் தொழிற்சாலை தொடங்கினார். கையால் சுற்றுபவர் நிமிடத்துக்கு நான்கைந்து சிகரெட்டுகளே செய்ய முடியும். அமெரிக்கரான பொன்சாக் கண்டுபிடித்த இயந்திரமோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 செய்தது. பிரிஸ்டல் நகர வில்ஸ் கம்பனி 1883இல் அந்த இயந்திரத்தின் உரிமையைப் பெற்றது. 1888இல் அக்கம்பனியின் வூட்பைன் சிகரெட் ஐந்து ஒரு பென்னிக்கு விற்பனைக்கு வந்தது. புதிய முறையிற் பதப்படுத்திய வேர்ஜீனியா இலையின் புகை தொண்டையைக் கரிக்காமல் எளிதாக நெஞ்சுக்குள் இறங்கியது. லான்செற் விவாதித்த புகையும் மக்கள் இப்போது இழுத்த புகையும் ஒன்றல்ல. தீர்ப்பு மட்டும் பழையதாகவே இருந்தது.

போயர் யுத்தத்துக்கு (1899-1902) ஆள் சேர்த்தபோது உடல் தகுதியற்ற இளைஞர் ஏராளமாக இருப்பது கண்டு அரசு திடுக்கிட்டது. 1904இல் அறிக்கை தந்த விசாரணைக் குழு சிறுவர் புகைப்பதையும் கண்டித்தது. 1908ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 16 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரெட் விற்பதைத் தடைசெய்தது. வளர்ந்தோரைப் பற்றி அது கவலைப்படவில்லை. 1948இல் பிரித்தானியாவின் வளர்ந்த ஆண்களில் ஐவரில் நால்வர் புகையிலை பாவிப்போராக இருந்தனர்.

ஒருவழியாக எண்ணிப் பார்த்தவர்கள் ரிச்சர்ட் டோலும் பிராட்போர்ட் ஹில்லும். இலண்டனின் 20 வைத்தியசாலைகளில் நுரையீரற் புற்றுநோயாளர் 709 பேரையும் வேறு நோயாளர் 709 பேரையும் ஒப்பிட்டு 1950இல் முடிவை வெளியிட்டனர். புற்றுநோயுற்ற 649 ஆண்களில் புகையாதவர் இருவரே. டோல் முதலில் சந்தேகித்தது வீதித் தாரையும் வாகனப் புகையையும். எண்கள் வேறு திசையைக் காட்டின; ஆய்வின் நடுவிலேயே அவர் புகைப்பதை விட்டார். அடுத்து, 1951இல் பிரித்தானிய வைத்தியர்களுக்கே வினாக்கொத்து அனுப்பினர். ஏறத்தாழ 40,000 வைத்தியர்கள் பதிலளித்தனர். 1857இல் கருத்துச் சொன்ன வைத்தியர் குலம் இம்முறை தன் பழக்கத்தை மட்டும் சொன்னது. மீதியை அவர்களுடைய மரணங்கள் சொல்லின. 50 ஆண்டு முடிவில், 2004இல், தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரி 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தனர் என்பது தெளிவாயிற்று.

மகாராணியின் குடும்பத்தையே பாருங்கள். மருமகனான ஜேர்மனியப் பேரரசர் மூன்றாம் பிரெடரிக், பெரும் புகைப்பழக்கம் உடையவர், 1888இல் குரல்வளைப் புற்றுநோயால் இறந்தார். புகைப்பிரியரான மகன் ஏழாம் எட்வர்ட் 1910இல் மார்புச்சளியாலும் மாரடைப்பாலும் மறைந்தார். பேரன் ஐந்தாம் ஜோர்ஜ் நெடுநாள் மார்புச்சளியால் வருந்தி 1936இல் காலமானார். பூட்டனான ஆறாம் ஜோர்ஜின் ஒரு நுரையீரல் புற்றுநோயால் 1951இல் அகற்றப்பட்டது. மறு ஆண்டு அவர் இறந்தார். இன்னொரு பூட்டன் எட்டாம் எட்வர்ட் 1972இல் தொண்டைப் புற்றுநோய்க்குப் பலியானார். நாற்றத்துக்காக மட்டும் புகையை வெறுத்த மூதாட்டி, காரணம் தெரியாமலே சரியாக வெறுத்திருக்கிறார்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், டோலின் முடிவுகள் வெளிவந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும், ஆசிரியபீடத்தின் ஒவ்வொரு மேசையிலும் சாம்பற் கிண்ணம் இருந்தது. "அளவோடு குடித்தால் ஒன்றும் செய்யாது தம்பி" என்று மூத்தவர்கள் அன்போடு சொல்வார்கள். அவர்களுட் சிலர் ஓய்வூதியம் பெறும் வயதைக் காணவில்லை. அவர்களுடைய வார்த்தை 1857ஆம் ஆண்டின் லான்செற் தீர்ப்பேயன்றி வேறல்ல.

இன்றும் உணவு, மருந்து, கைப்பேசி என ஒவ்வொன்றைப் பற்றியும் நிபுணர்கள் இரு பக்கமும் நின்று வாதிடுகிறார்கள். ஊடகங்கள் நடுவில் கோடு போட்டு "மிதமாயின் பாதகமில்லை" என்கின்றன. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை ஏற்குமுன் வாசகர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. எத்தனை பேர் அப்படிக் கருதுகிறார்கள் என்பதல்ல. எவராவது எண்ணிப் பார்த்தார்களா என்பதே அக்கேள்வி.