தினைப்புனத்து மறுமொழி
‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் ஆணும் பெண்ணும்

ஆண்டுதோறும் தைப்பூசத்திற்கு முன்னாளில் கோலாலம்பூர் துன் எச். எஸ். லீ சாலையிலுள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளித்தேர், வள்ளி தெய்வானை உடனுறை முருகப் பெருமானைச் சுமந்து பத்துமலை நோக்கி விடிய விடிய நகர்ந்து செல்கிறது. அத்தேரைத் தொடர்ந்து நடப்போருள் எத்தனை பேர் அவ்விரு தேவியரின் திருமணங்களையும் ஒப்பிட்டு எண்ணியிருப்பர்? தெய்வானையார் இந்திரனால் கொடுக்கப்பட்டவர். அசுரரை வென்றதற்குக் கைம்மாறாகத் தந்தையே முன்னின்று மணம் முடித்து வைத்தார். வள்ளியம்மையோ தேடிச் சென்று, கேட்டு, மறுக்கப்பட்டு, மீண்டும் கேட்டுப் பெறப்பட்டவர். முதலாவது திருமணத்தைச் சிற்பிகள் விரும்பினர். திருப்பரங்குன்றமே அதற்குச் சான்று. நாடகக்காரர்கள் விரும்பியது இரண்டாவதையே. அதில்தான் பேச்சுக்கு இடம் இருந்தது. பேச்சு இருக்குமிடத்தில்தானே சிரிப்பும் இருக்கும்?

வள்ளியின் கதை தமிழில் மிகப் பழையது. முருகனொடு கூடிய வள்ளியை நற்றிணையின் 82-ஆம் பாட்டிலேயே காண்கிறோம். விரிந்த வடிவில் அக்கதையைத் தருவது கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே கிடைத்த குழந்தையை வேடர் தலைவன் நம்பி எடுத்து வளர்க்கிறான். வளர்ந்த பெண் பரண் மீதேறித் தினைப்புனம் காக்கிறாள். முருகன் வேடனாக வருகிறான். நம்பி வரும் ஓசை கேட்டு வேங்கை மரமாக நிற்கிறான். பின்னர்த் தள்ளாடும் கிழவனாகத் தேனும் தினைமாவும் உண்டு, நீர் கேட்கிறான். எதற்கும் இசையாத வள்ளியின்முன் தமையனாகிய விநாயகர் யானையாகத் தோன்ற, அஞ்சிய அப்பெண் கிழவனையே சென்று பற்றிக்கொள்கிறாள். இவ்வளவும் மாணவர் அறிந்ததே.

ஆனால் இக்கதையை அக இலக்கணத்தோடு சேர்த்து வைத்து நோக்குவார் சிலரே. தொல்காப்பியர் களவியலில் ஒரு வரையறை செய்கிறார்: தன் உள்ளத்து வேட்கையைத் தலைவன் முன்னிலையில் தானே எடுத்துரைத்தல் தலைவிக்கு இல்லை. மடலேறும் உரிமையும் ஆணுக்கே உரியது. அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு அணிகலன்களாக வகுக்கப்பட்டன. ஆகவே நம் இலக்கியத் தலைவி ‘விரும்புகிறேன்’ என்று சொல்ல இயலாதவள். குறிப்பாலும் தோழி வாயிலாகவுமே தன் மனத்தைக் காட்டுபவள். எனினும், ‘விரும்பவில்லை’ என்று அவள் வாய்விட்டுச் சொல்வதை அந்த வரையறை தடுக்கவில்லையே! ஒன்றைச் சொல்லக் கூடாது என்ற விதி, மற்றொன்றைச் சொல்வதற்கு வழி விட்டு வைத்தது. தமிழ் மேடை நுழைந்தது இந்த வழியில்தான் என்பது என் துணிபு.

மேடைக்கு அவ்வழியைத் திறந்தவர் தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்து, 1922-இல் புதுச்சேரியில் மறைந்த தவத்திரு சங்கரதாசு சுவாமிகள். பவளக்கொடி, அல்லி அர்ச்சுனா, கோவலன், சதி சுலோசனா என அவர் யாத்த நாடகங்கள் பல. அவற்றுள் வள்ளி திருமணத்திற்கு வாய்த்த நெடுவாழ்வு பிறவற்றுக்கு வாய்க்கவில்லை. மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் இன்றும் அது நடைபெறுகிறது.

இந்நாடகம் வளர்ந்த முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று வழங்கும் முறையில் நிலையான குழு கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ஊரார் இராசபார்ட்டை ஓரூரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை மற்றோர் ஊரிலிருந்தும், நாரதரை வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே ஒப்பந்தம் செய்து அழைப்பர். அன்றிரவுதான் அவர்கள் ஒருவரையொருவர் மேடையில் சந்திப்பர். பாடல்கள் அனைவருக்கும் மனப்பாடம். உரையாடலோ அவ்விடத்திலேயே பிறப்பது. முதலில் பபூனும் நடனக்காரியும் தோன்றி ஆண்பெண் ஊடலைச் சிரிப்பாக்கிச் செல்வர். அதன்பின் நாரதருக்கும் வள்ளிக்கும் தருக்கம். அதற்கும் பின் வேலனுக்கும் வள்ளிக்கும் தருக்கம். மானைத் தேடி வந்தேன் என்பான் வேலன். அவன் கூறும் மானின் அடையாளமெல்லாம் எதிரே நிற்கும் பெண்ணின் அடையாளமாகவே இருக்கும். என் புனத்தில் மான் ஏது, காவல் உள்ள இடத்தில் உனக்கு என்ன வேலை, உன் ஊர் எது, உன்னைப் பெற்றவர் யார் என்று அவள் அடுக்குவாள். ஒரு சொல்லுக்கு இரு பொருள் கொண்டு அவன் தாக்கினால், மூன்றாம் பொருள் கண்டு அவள் திருப்ப வேண்டும். அவள் தோற்றால் கதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்நடிகைக்கு அடுத்த ஊரில் அழைப்பு இராது. இவ்வாறு பிழைப்பே வாதத்தில் தங்கியிருந்தமையால், வள்ளியாக வந்தவர் இலக்கணமும் புராணமும் விடுகதையும் கற்றுத் தேர்ந்தவராயினர். நாணமும் மடமும் உடையவளாகப் புனையப்பட்ட ஒரு பாத்திரத்தை ஏற்பதற்கு வாய்வன்மை மிக்க ஒரு பெண் வேண்டியிருந்தாள்.

அவ்வேடம் கட்டியவர் யார் என்பதும் கருதத்தக்கது. சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அனைவரும் சிறுவர்களே. அங்குப் பயின்ற தி. க. சண்முகம் பிற்காலத்தில் ஔவைப் பிராட்டியாக மேடையேறி ‘ஔவை சண்முகம்’ என்றே பெயர் பெற்றார். சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனியில் பெண்வேடங்களிற் பயின்றவரே. மறுபுறம், அதற்கும் முன்னரே கும்பகோணம் பாலாமணி அம்மையார் முழுதும் பெண்களைக் கொண்டே ஒரு குழு நடத்தினார். அக்குழுவில் ஆண்வேடமும் பெண்களே தாங்கினர். அவர்தம் நாடகம் காண்பதற்கெனத் தனி இரயில் விடப்பட்டதாகக் கூறுவர். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் 1926-ஆம் ஆண்டில் இலங்கை மேடையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்தார். வள்ளியும் வேலனுமாக அவர்கள் எதிரெதிர் நின்று பாடியதைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. மேடைக் காதலர் 1927-இல் மணமக்களாயினர். 1933-இல், இருபத்தேழாம் அகவையில், கிட்டப்பா மறைந்தார். ஆணுக்கு இணையாக இனி நடிப்பதில்லை என உறுதி பூண்ட அம்மையார், 1935-ஆம் ஆண்டு ‘நந்தனார்’ படத்தில் தாமே நந்தனாராகத் தோன்றினார். வள்ளியாக வாதாடிய குரல் ஓர் ஆண் அடியாரின் குரலாகவும் ஒலித்ததை மக்கள் வியந்து ஏற்றனர். ஆண்மையும் பெண்மையும் பிறப்பிலேயே முடிந்துவிட்ட செய்திகள் என்று நூல்கள் கூறிக்கொண்டிருந்த காலத்தில், அவை பயின்று அணியக்கூடிய வேடங்களும் ஆகும் என்பதை நம் நாடக மேடை நாள்தோறும் காட்டிக்கொண்டிருந்தது.

இது நமக்கு மட்டும் உரிய புதுமையன்று. ஷேக்ஸ்பியரின் காலத்து ஆங்கில மேடையிலும் பெண்வேடம் சிறுவர்க்கே உரியது. 1660-க்குப் பின்னரே அங்கு நடிகையர் வந்தனர். ஆணுடை தரித்துத் தன் காதலனுக்கே காதல் பாடம் நடத்தும் ரோசலிந்தின் கதையைப் பம்மல் சம்பந்த முதலியார் ‘விரும்பிய விதமே’ எனத் தமிழாக்கினார். அவர் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர் முதலான கற்றோரே நடித்தனர். பெண்வேடத்தையும் அவர்களே ஏற்றனர். ஆனால் ஒன்று: ரோசலிந்து தன் மனத்தைச் சொல்ல ஆணுடை வேண்டியிருந்தது. வள்ளிக்கு அது வேண்டியிருக்கவில்லை. கையில் கவணும் காக்க ஒரு புனமும் இருந்ததே போதுமானதாயிற்று. உழைக்கும் பெண் தன் வேலையிடத்தில் நின்று பேசுகிறாள். அவளிடம் வந்து இரப்பவன்தான் அயலான்.

இந்நாடகம் மலாயாவிலும் இரசிக்கப்பட்டதன் காரணத்தை இங்கே தேடலாம். கங்காணி முறையில் 1938 வரை இங்கு வந்து சேர்ந்தவருள் ஆண்களே மிகப் பலர். 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போதும் இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பெண்களே இருந்தனர். பெண் அரிதாய் இருந்த இலயங்களில் அவளைக் கேட்டு வந்தோர் பலர். அவள் விருப்பத்தைக் கேட்டோர் எத்தனை பேர்? விடியும் முன்னே பிரட்டுக் களத்தில் நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து திரும்பிய அப்பெண்கள், இரவில் கோயில் திடலில் சாக்கு விரித்து அமர்ந்து, தங்களைப் போன்றே காட்டில் வேலை செய்யும் ஒருத்தி கடவுளையே ‘போ’ என்று சொல்வதைக் கேட்டனர்.

தோட்டத்து மேடைகளில் வள்ளியாக வந்தவரும் ஆண்களே. கிள்ளானை அடுத்த தோட்டமொன்றில் என் இளமையில் நான் கண்ட முதியவர் ஒருவர், ஐம்பதுகளில் தாம் வள்ளி வேடம் கட்டியதைப் பெருமையோடு சொல்வார். மனைவியின் சேலையை இரவல் வாங்குவது எளிது, அவள் மறுமொழியை இரவல் வாங்குவதுதான் அரிது என்பார் அவர். வேலனாக வந்தவரை மடக்குவதற்குத் தம் மனைவி தம்மிடம் சண்டையிடும்போது கூறும் சொற்களையே மேடையில் எடுத்து விடுவாராம். முன்வரிசையில் இருந்த பெண்கள் அவற்றை அடையாளம் கண்டு சிரிப்பராம். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளான் நகரிலும் வாழ்ந்த படித்த குடும்பத்தார் சிலர் இவற்றைத் தரக்குறைவு என ஒதுக்கியதும் உண்டு. இசைத்தட்டில் கிட்டப்பாவைக் கேட்டு உருகியோரே தோட்டத்து வள்ளியைக் கண்டு முகஞ்சுளித்தனர். பண்பாட்டைப் போற்றுவதில் நமக்கு என்றும் இப்படி ஒரு பாரபட்சம் உண்டு.

இனி யானைக்கு வருவோம். இரவெல்லாம் வென்ற வாதத்தை ஒரு பிளிறல் முடித்து வைக்கிறது. அறிவால் இசைவிக்க இயலாதவளை அச்சத்தால் இசைவித்தல் முறையாகுமா? சமயச் சான்றோர் இதற்கு விளக்கம் தருவர்: வள்ளி உயிர், முருகன் இறை, யானை ஆணவத்தை அடக்கும் அருள். அவ்விளக்கத்தை நான் மறுக்கவில்லை. எனினும் நாடகம் காண்போர் கண்முன் நிற்பவர் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ‘கேட்டும் இசையவில்லையா, அச்சுறுத்து, ஈற்றில் இசைவாள்’ என்ற பாடமே இளையோர் நெஞ்சில் பதியுமாயின் அது சிறு செய்தியன்று. பின்னாளில் நம் திரைப்படங்களில் நாயகியைத் தெருத்தெருவாகத் துரத்திப் பாடிய நாயகர் பலரும் வேலனின் வழியையே பின்பற்றினர். ஆனால் வள்ளியின் தருக்கத்தை மட்டும் வெட்டியெறிந்துவிட்டனர். தருக்கம் நீங்கினால் எஞ்சுவது யானை ஒன்றே. ஈண்டு மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 1933-இல் வெளிவந்த ‘வள்ளி திருமணம்’ படத்தில் மேடையிலிருந்து வந்த டி. பி. இராஜலட்சுமி தம் குரலிலேயே வள்ளியானார். 1945-இல் ஏவி. மெய்யப்பன் எடுத்த ‘ஸ்ரீவள்ளி’யில் குமாரி ருக்மிணியின் பாட்டுக்குரல் நீக்கப்பட்டுப் பி. ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. அது தொழில்நுட்ப வெற்றி என்று போற்றப்பட்டது, போற்றத்தக்கதே. ஆயினும் அதன்பின் வள்ளியின் உருவம் ஒருத்தியிடமும் குரல் மற்றொருத்தியிடமும் இருக்கலாயிற்று.

பள்ளி ஆண்டுவிழாக்களில் இந்நாடகத்தைப் போடும் ஆசிரியர்கள் பெரும்பாலும் நேரம் கருதித் தருக்கத்தைச் சுருக்கி, குழந்தைகளுக்கு வேடிக்கையாக இருக்குமென யானையை நீட்டுகின்றனர். நான் வேறாகச் செய்து பார்க்க விரும்பி, ஆறாம் ஆண்டு மாணவர்க்குத் தருக்கத்தை மட்டும் கொடுத்து நடிக்கச் செய்தேன். ஒரு மாணவி, “யானை வராமலே இருந்திருந்தால் வள்ளி என்ன சொல்லியிருப்பாள், ஐயா?” என்று வினவினாள். அதனையே கட்டுரைத் தலைப்பாக்கினேன். பலர் திருமணத்தில் முடித்திருந்தனர். சிலர் வேலனை வந்த வழியே அனுப்பிவிட்டனர். ஒரு மாணவன் மட்டும், வேலன் மறுநாளும் வந்ததாகவும், ஒன்றும் கேளாமல் பரணுக்குக் கீழே நின்று கிளி ஓட்டியதாகவும், மாலையில் வள்ளி அவனுக்குத் தானே தினைமா பிசைந்து கொடுத்ததாகவும் எழுதியிருந்தான்.