ஷாங்க்லிக்கு அப்புறம் யார்?

1974 ஜூலை 12. லிவர்பூல் மேனேஜர் பில் ஷாங்க்லி பதவி விலகுகிறார் என்று செய்தி வந்தது. கிரனாடா டிவி நிருபர் ஒருவர் மைக்கோடு தெருவில் இறங்கி, போவோர் வருவோரிடம் விஷயத்தைச் சொன்னார். எளிதில் யாரும் நம்பவில்லை. ஒரு பையன், நிருபர் தன்னைக் கிண்டல் பண்றார் என்றே நினைத்தான்.

நம்பாததில் ஆச்சரியமில்லை. 1959 டிசம்பரில் ஷாங்க்லி வந்தபோது கிளப் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. போகும்போது மூன்று லீக் பட்டம், இரண்டு எஃப்.ஏ. கோப்பை, ஒரு யூஇஎஃப்ஏ கோப்பை. அந்த மே மாதம்தான் எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் நியூகாசிலை 3-0 என்று ஜெயித்திருந்தார்கள்.

மேனேஜர் ஒருத்தர் போனால் ரசிகர்களுக்குள் ரெண்டு சண்டை கிளம்பும். போனவரோட ஆட்டமுறை இனிமே எடுபடுமா? அடுத்து யார்? இரண்டுக்கும் அடியில் ஒரே நினைப்பு இருக்கிறது: ஆட்டமுறை என்பது மேனேஜரின் சட்டைப்பையில் இருக்கும் பொருள், அவர் போனால் கூடவே போய்விடும். லிவர்பூல் கதையைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

1973 இலையுதிர் காலத்தில், ஐரோப்பியக் கோப்பை இரண்டாம் சுற்றில் லிவர்பூல் ரெட் ஸ்டார் பெல்கிரேடிடம் தோற்றது. அங்கே 2-1, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டிலும் 2-1. யூகோஸ்லாவிய அணி பின்வரிசையிலிருந்தே பந்தைப் பொறுமையாக பாஸ் செய்து முன்னேறியது. லிவர்பூலின் நடு டிஃபென்டர் லாரி லாயிட் அதற்கு நேர் எதிர். ஆறடிக்கு மேல் உயரம், வர்ற பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளுவது வேலை. இங்கிலாந்தில் அன்றைக்கு எல்லாருமே அப்படித்தான்.

ஆன்ஃபீல்டில் அப்போது பூட்ஸ் வைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரோனி மோரன் மாதிரி கோச்சுகள் அங்கே உட்கார்ந்துதான் பேசுவார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு அங்கே நடந்த யோசனையில் பிறந்த முடிவு: பின்னாடி நிற்பவனுக்கும் பந்தைக் கொடுத்து வாங்கத் தெரிய வேண்டும். லாயிடுக்குக் காயம் பட்டதும், மிட்ஃபீல்டராக வளர்ந்த ஃபில் தாம்ப்சன் அந்த இடத்துக்கு வந்தார். பக்கத்தில் எம்லின் ஹியூஸ். லாயிட் அந்த 1974 கோடையிலேயே கவன்ட்ரிக்கு விற்கப்பட்டார். கவனிச்சுப் பாருங்க, இந்த மாற்றம் ஷாங்க்லி இருக்கும்போதே நடந்துவிட்டது. 'பெய்ஸ்லி முறை' என்று பின்னால் பேர் வாங்கியதில் பாதி இதுதான்.

அப்ப பெய்ஸ்லி சும்மா வந்து உட்கார்ந்தாரா? அதுவும் இல்லை. 1939-ல் ஆட்டக்காரராகச் சேர்ந்து, அப்புறம் பிசியோ, கோச் என்று அதே கிளப்பிலேயே இருந்தவர். மேடையில் பேச வராது, பதவியும் தயங்கித்தான் ஏற்றார். ஷாங்க்லி ராஜினாமா செய்த அதே நாளில் ஆர்சனலிலிருந்து ரே கென்னடி என்ற ஸ்ட்ரைக்கர் வந்து சேர்ந்தார். அவரை இடது பக்க மிட்ஃபீல்டுக்கு மாற்றியது பெய்ஸ்லியின் கண். முதல் சீசனில் லீக்கில் இரண்டாம் இடம்தான். ஒன்பது சீசன் முடிந்தபோது ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை.

இதில் ஒரு சோகமும் உண்டு. ஷாங்க்லி பழக்கதோஷத்தில் பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார். ஆட்டக்காரர்கள் அவரையே 'பாஸ்' என்று கூப்பிட்டார்கள். கடைசியில் அவர் வருவது கிளப்புக்குச் சங்கடமாகிப்போனது.

அதே ஜூலையில் லீட்ஸிலும் நாற்காலி காலி. லீக் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த கையோடு டான் ரீவி இங்கிலாந்து அணிக்குப் போய்விட்டார். தனக்குப் பின் அணிக்குள்ளேயே இருந்த ஜானி ஜைல்ஸை எடுங்கள் என்றார். நிர்வாகம் எடுத்தது பிரையன் கிளஃபை, அதாவது ரீவியின் ஆட்டத்தை முரட்டு ஆட்டம், ஏமாற்று ஆட்டம் என்று பொதுவெளியில் திட்டித் தீர்த்தவரை. எங்க தொழிலில் இந்த ரகம் எனக்குப் பரிச்சயம். வந்த முதல் வாரமே, பழைய கோடு குப்பை, மொத்தத்தையும் திருப்பி எழுதணும் என்பார்கள். வாங்கின மெடல்களைத் தூக்கிக் குப்பையில் போடுங்க என்று ஆட்டக்காரர்களிடமே கிளஃப் சொன்னதாகக் கதை. ஆறு லீக் ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. 44 நாளில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வெளியாள் வேண்டாம், உள்ளாள்தான் சரி என்று இங்கே முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனா கிளஃப் 1975-ல் நாட்டிங்ஹாம் ஃபாரெஸ்டுக்குப் போனார். அங்கேயும் அவர் வெளியாள்தான். திட்டித் தீர்க்கத்தான் பெரிய பழம்பெருமை எதுவும் அங்கே இல்லை. 1978-ல் லீக் பட்டம். அதே ஆண்டு செப்டம்பரில், ஐரோப்பியக் கோப்பை முதல் சுற்றிலேயே, நடப்பு சாம்பியனான பெய்ஸ்லியின் லிவர்பூலை வெளியே தள்ளினார்கள். முதல் ஆட்டம் 2-0. ஆன்ஃபீல்டில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் லிவர்பூலால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை.

ஃபாரெஸ்டின் நடு டிஃபென்டர், காலம் முடிந்துபோன ரகம் என்று லிவர்பூல் விற்றுவிட்ட அதே லாரி லாயிட். 1979, 1980 இரண்டு ஐரோப்பியக் கோப்பை ஃபைனலிலும் ஆடி ஜெயித்தார்.